கொஞ்சம் நடக்க விடுங்கள், சார்!

"அண்ணே, பாயிண்ட் எல்லாம் வேணாம். காலைல ஒரு ரெண்டு மணி நேரம் நடக்கணும். எங்க கொண்டுபோய் விடுவீங்க?"

போன சீசனில் கொடைக்கானலில் டாக்ஸி டிரைவரிடம் நான் கேட்ட கேள்வி இது. அவர் முன்கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நடக்கவா சார்? அதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் வந்தீங்க? உங்க ஊர்லயே நடக்கலாமே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரிலும் நடக்க முடியாது. எங்கள் தெரு நடைபாதையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பஜ்ஜிக் கடை, வரிசையாகப் பதினாலு பைக், ஒரு கட்சிக் கொடிக் கம்பம். இத்தனையும் போக மிச்சமிருக்கும் இடத்தில் சாக்கடை மூடி உடைந்திருக்கும்.

டிரைவர் ஒரு லேமினேட் அட்டையை நீட்டினார். தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட், பசுமைப் பள்ளத்தாக்கு... வரிசையாகப் பன்னிரண்டு. "இதான் சார் பேக்கேஜ். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

முடித்தோம். ஒவ்வொரு பாயிண்டிலும் ஒரே சடங்கு. பார்க்கிங்குக்கு வரிசை, டிக்கெட்டுக்கு வரிசை, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்த்தல், செல்ஃபி, சுட்ட சோளம், மறுபடி கார். நான் பி.காம். படித்தவன். கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து பற்று வரவு எழுதினேன். வெளியே சுற்றியது ஏழரை மணி நேரம். அதில் காருக்குள் உட்கார்ந்திருந்தது ஐந்து மணி நேரத்துக்கு மேல். செல்போன் காட்டிய மொத்த அடிகள் மூவாயிரத்துச் சொச்சம். வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கு நாலு தடவை போய் வந்தால் அதைவிட அதிகமாக நடந்திருப்பேன்.

மலையைப் பார்க்கப் போய், முன்னால் நின்ற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள்!

*

'நடப்பதற்கென்றே போட்ட பாதை ஒன்றுகூட இல்லையா?' என்று விடாமல் கேட்டதில் டிரைவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "கோக்கர்ஸ் வாக் இருக்கே சார்!"

இருக்கிறது. 1872-ல் கோக்கர் என்கிற ராணுவ லெப்டினென்ட் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட பாதை. சுமார் ஒரு கிலோமீட்டர். அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் சதுப்பு நிலத்தில் கரை கட்டி உண்டாக்கியதுதான் கொடைக்கானல் ஏரி. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டினான், சந்தேகமே இல்லை. ஆனால், மலைக்கு வந்தால் மனுஷன் நடப்பான் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் விட்டுப்போன மூலதனத்தை வைத்து நாம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறோம். மூலதனத்தில் நம் பங்காக எத்தனை கிலோமீட்டர் சேர்த்தோம் என்று ஐந்தொகை போட்டுப் பார்த்தால் மானம் போகும்.

நாம் சேர்த்ததெல்லாம் வண்டிதான். அது எந்த அளவுக்குப் போனதென்றால், கோர்ட்டே தலையிட வேண்டியதாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000.

கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. மலை மூச்சுத் திணறும்போது யாராவது கதவைச் சாத்தத்தான் வேண்டும். ஆனால், கவனித்தீர்களா? எண்ணுவது வண்டியை. வண்டியிலிருந்து இறங்கின மனுஷன் என்ன செய்வான், எங்கே போவான் என்பது யார் கணக்கிலும் இல்லை. அவனும் ஒரு பாயிண்டிலிருந்து இன்னொரு பாயிண்டுக்குக் காரில்தானே போகிறான்? நடக்கப் பாதை இருந்தால் பாதி வண்டி ஸ்டாண்டிலேயே நிற்குமே?

*

"நடக்க விட்டால் என்ன ஆகும்னு குரங்கணியில பார்த்தோமே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி பக்கம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், பெண்கள் பலர். அந்த வாரம் பூராவும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழாத வீடு இல்லை.

அவர்கள் ஏன் இறந்தார்கள்? நடந்ததாலா? இல்லை. புல் காய்ந்து சருகாகி, ஒரு பொறி பட்டாலும் மலையே பற்றிக்கொள்ளும் மாசத்தில் அங்கே இருந்ததால். எந்தப் பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்று தெரியாததால். அந்த மலையைக் கைரேகை மாதிரி அறிந்த உள்ளூர்க்காரனைக் கூட வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும் என்கிற ஏற்பாடு நம்மிடம் இல்லாததால். இது ஏற்பாட்டின் தோல்வி. நாம் கற்றுக்கொண்ட பாடமோ, 'நடப்பது ஆபத்து' என்பது. பஸ் கவிழ்ந்தால் பஸ்ஸையே நிறுத்திவிடுகிறோமா?

தடை வந்தது. பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என்று மூன்று தரம். பழங்குடி இளைஞர்களுக்கும் காட்டோரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். 2025-ல் தீப்பிடிக்கும் காலம் வந்ததும் பாதைகளை மூடினார்கள். இதெல்லாம் குரங்கணிக்கு முன்பே செய்திருக்க வேண்டியவை. தாமதமாகவாவது செய்தார்களே, பாராட்டுகிறேன். மனசாரத்தான்.

என் சண்டை அந்த முதல் தரத்தோடு. 'எளிது.'

எளிது என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிற பாதைக்கும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் குழுவோடு போக வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் நீங்கலாகவே ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு சினிமாவுக்கு ஆகிற செலவுதானே என்பீர்கள். சினிமா எடுக்கிறவன் காசு போட்டு எடுக்கிறான் ஐயா! மலையை யார் காசு போட்டு எடுத்தது?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். பாதைகள் 40. வகுத்தால் ஒரு பாதைக்குப் பதினெட்டு லட்சம் பேர். இது கோயில் பிரசாதம் மாதிரி. எல்லோருக்கும் என்று சொல்லி வரிசையில் நிற்க வைக்கலாம், கைக்கு வந்து சேராது.

கடினமான மலைக்கு வழிகாட்டி வேண்டும், அவருக்கு நியாயமான சம்பளம் வேண்டும், அதற்குக் கட்டணமும் வேண்டும். ஒரு பைசா குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எளிய பாதை என்பது வேறு சங்கதி. அது தெருவிளக்கு மாதிரி, பூங்கா மாதிரி, கடற்கரை மாதிரி. மெரினாவில் மணலில் இறங்க டிக்கெட் போட்டால் சும்மா இருப்போமா?

*

ஐரோப்பாவில் ஒரு குட்டி நாடு ஸ்விட்சர்லாந்து. நம் சினிமாக்காரர்கள் டூயட் பாடப் போவார்களே, அதே நாடுதான். 1930-களில் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை ஒரு மலைக் கணவாய் வழியாக நடத்திக் கூட்டிப்போனார். போகிற வருகிற கார்களும் பஸ்களும் புழுதியை வாரி இறைத்தன. பிள்ளைகள் ஒதுங்கி ஒதுங்கி அலுத்துப்போனார்கள். வாத்தியாருக்குக் கோபம் வந்தது. நடக்கிறவனுக்குத் தனியாக வழி வேண்டும் என்று கிளம்பினார். 1934-ல் அதற்கென்றே ஒரு அமைப்பு உருவானது.

கதை அதோடு முடியவில்லை. 1979-ல் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தி, நடைபாதைகளையும் மலை நடைவழிகளையும் பற்றி அரசியல் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆமாம் சார், அரசியல் சட்டத்தில்! இன்றைக்கு அங்கே சுமார் 65,000 கிலோமீட்டர் நடைவழி இருக்கிறது. பரப்பளவில் தமிழ்நாடு அந்த நாட்டைப்போல மூன்று மடங்கு. மஞ்சள் பலகை என்றால் எளிது, யாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, கவனம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் ஆபத்து, பழக்கப்பட்டவர்கள் மட்டும். பலகையில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவதைவிட, நடந்தால் எவ்வளவு நேரம் என்று எழுதுகிறார்கள். பாட்டிக்கும் புரியும்.

பணக்கார நாடு, செய்வான் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பலகைக்கும் ஒரு டப்பா பெயின்ட்டுக்கும் எவ்வளவு ஆகும்? நம் ஊரில் ஒரு மந்திரி வந்துபோனால் கட்டுகிற பேனர் செலவில் ஒரு முழு மலைக்குப் பலகை வைத்துவிடலாம்.

இங்கிலாந்தில் அதுகூட சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24-ம் தேதி, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகளும் இளைஞர்களும் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்கிற மேட்டு நிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். 'வாரம் பூரா மில்லில் புகையைத் தின்கிறோம், ஞாயிற்றுக்கிழமை நடக்க ஒரு மலை கிடையாதா?' என்பதுதான் அவர்கள் ஆத்திரம். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடக்கும் வழிகளுக்கும் சட்டம் வந்தது. அவர்கள் ஏறின அந்த இடம் 1951-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குள் வந்தது.

நடப்பதற்காக ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். நாம் பெட்டிஷன்கூடப் போடவில்லை.

*

இதை எங்கே பேசினாலும் எதிரே நாலு பதில் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'நம்ம ஆளுங்க நடக்க மாட்டாங்க சார்.' அப்படியா? திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு வந்து பாருங்கள். 14 கிலோமீட்டர். மலையைச் சுற்றி, பெரும்பாலும் வெறுங்காலோடு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவனை எந்த டிரெய்னர் தயார் செய்தான்? நடக்க ஒரு வழியும், வழியில் கூட்டமும், குடிக்கத் தண்ணீரும் இருந்தால் தமிழன் நடப்பான். சாமிக்காக நடக்கிறவன், வழி இருந்தால் சும்மாவும் நடப்பான்.

'குப்பை போட்டு நாசம் பண்ணிடுவாங்க.' இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதற்கும் நம்மிடமே ஒரு பதில் உண்டு. நீலகிரியில் உடைந்த மதுபாட்டில்கள் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தன. உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வியில், 2022-ல் டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவனையே திருத்திவிட்டது ஒரு பத்து ரூபாய் நோட்டு! நடக்க வருகிறவனைத் திருத்த முடியாதா? இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் மலைபோலக் குவிந்து கிடப்பது எங்கே? கார் போய் நிற்கிற வியூ பாயிண்டில்.

'யானை இருக்கு, புலி இருக்கு.' இருக்கட்டும், அது அவற்றின் வீடு. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்கள் நமக்கு. அதற்குள் எனக்கு ஒரு அடிகூட வேண்டாம். நான் கேட்பது காட்டின் நடுவயிற்றில் இல்லை. ஊர் ஓரத்துப் பாறைக் குன்றுகள், ஏரிக்கரைகள், ஓடைகள், பனங்காடுகள். 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய் இருக்கிற நாடு இது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை இருக்கிறது. கரை என்பதே நடக்கிற பாதைதானே! வேடந்தாங்கலில் நாம் பறவை பார்ப்பது எங்கே நின்றுகொண்டு? ஏரிக்கரையில்.

'பெண்கள் தனியா போக முடியுமா?' இதுதான் நிஜமான கேள்வி. இன்றைக்குப் போக முடியாது. ஏன்? வேறு யாரும் நடக்காத இடத்தில் ஒரு பெண் நடந்தால் அவள் தனியாகத் தெரிகிறாள். பத்துக் குடும்பம் நடக்கிற பாதையில், வழியில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் டீக்கடை இருக்கிற பாதையில், அவள் பதினோராவது ஆள். என் மகள் காலேஜில் படிக்கிறாள். அவள் காலையில் வாக்கிங் போவது எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில், தூண்களைச் சுற்றிச் சுற்றி. இருபது வயசுப் பெண்ணுக்கு நாம் கொடுத்திருக்கிற தமிழ்நாடு அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நடை என்பது எனக்கு ஆசை. மலை மேல் சாலையில்லாத ஊர்க்காரருக்கு அது தலையெழுத்து. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி மாதிரி ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் சாலை கேட்டால் முதலில் சாலைதான். 'ஐயோ, இயற்கை கெட்டுப்போயிடுமே' என்று ஊர்விட்டு ஊர் வந்து அங்கலாய்க்கிற ஆள் நான் இல்லை. என் பாதை அவர்கள் வயிற்றில் அடித்து வர வேண்டாம். அவர்களுக்கு வருமானமாக வரட்டும்.

*

இவ்வளவும் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. விஷயம் அதைவிடப் பெரிசு. மதுரைக்கு வாருங்கள்.

2010-ல் மதுரை யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கிற பேச்சு எழுந்தது. எதிர்ப்பும் எழுந்தது. அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் சேர்ந்து 'பசுமை நடை' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவது. பக்கத்தில் ஒரு குன்றுக்கு நடப்பது. அங்கே சமணப் படுக்கை இருக்கிறதா, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறதா, தொல்லியல் அறிஞர் சொ.சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறைமேல் நின்றபடி விளக்குவார்கள். குழந்தைகள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். அவ்வளவுதான் சார் இயக்கம்! எளிய பாதை, கொஞ்சம் நடை, கொஞ்சம் சரித்திரம்.

அப்படி அவர்கள் நடந்த இடங்களில் ஒன்று மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள். கி.மு. காலத்துப் பிராமிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், பாறையைக் குடைந்த சிவன் கோயில். மலையில் விழுகிற மழை 72 ஏரிகளுக்கும் 200 சுனைகளுக்கும் போகிறது. சுமார் 250 வகைப் பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது.

சரியாக இரண்டே வருஷம். 2024 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. அரிட்டாபட்டியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம். மத்திய அரசு ஏலம்கூட விட்டுவிட்டது!

கிராமத்து ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் பேரணியாகப் போனார்கள். அந்த மாசக் கடைசியிலேயே ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

ஜெயித்தது அந்தக் கிராமத்து மக்கள். அதில் வேறு யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். தமிழ்நாட்டில் கல் குவாரிக்குப் பலியான குன்றுகளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? ஒன்றுகூடத் தெரியாது, இல்லையா? அரிட்டாபட்டி என்றதும் மட்டும் சென்னையில் இருக்கிறவனும் 'ஐயோ, அங்கேயா?' என்று பதறினானே, எப்படி? யாரோ அங்கே நடந்திருக்கிறார்கள். போட்டோ எடுத்திருக்கிறார்கள். சுனைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. சாட்சிகள் இருந்தார்கள் சார், சாட்சிகள்!

எங்கள் பாஷையில் சொன்னால், கணக்கில் வராத சொத்தைத் திருடுவது சுலபம். பெயர் தெரியாத குன்று சர்வே நம்பராக மட்டும் இருக்கும். சர்வே நம்பரை யாருக்கு வேண்டுமானாலும் குத்தகைக்கு விடலாம். லாரி லாரியாக ஜல்லி அடித்தாலும் கேட்க ஆளிருக்காது. ஏரி ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் ஆகும், இன்னொரு நாள் லே-அவுட் ஆகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐம்பது பேர் நடக்கிற ஏரிக்கரையில் ஒரு லோடு மண் கொட்டிப் பாருங்கள். அடுத்த வாரமே கேள்வி வரும்.

நாம் கால் வைக்காத இடத்தில் பொக்லைன் கால் வைக்கும். என் முழுக் கட்டுரையும் இந்த ஒரு வரிதான்.

*

சும்மா திட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதால், கேட்பதை விலாவாரியாகக் கேட்டுவிடுகிறேன்.

ஒன்று: மாவட்டத்துக்குப் பத்து எளிய பாதைகள். மூன்றிலிருந்து எட்டு கிலோமீட்டர். புலிகள் காப்பகத்துக்கும் யானை வழித்தடத்துக்கும் வெளியே. குன்று, ஏரிக்கரை, ஊர்க்காட்டோரம், பழைய கோயில், சமணக் குகை எதுவானாலும் சரி. கட்டணம் கிடையாது. பதிவு கிடையாது. தீக் காலத்தில் மட்டும் பூட்டு.

இரண்டு: ஆரம்பத்தில் ஒரு பலகை, பிரிகிற இடத்தில் ஒரு பலகை. தமிழில். 'இங்கிருந்து சுனைக்கு 40 நிமிடம். செங்குத்து இல்லை. மழையில் வழுக்கும்.' இவ்வளவு போதும். மந்திரி படம் வேண்டாம். (கேட்டால் கிடைக்காது, தெரியும். கேட்டு வைக்கிறேன்.)

மூன்று: பாதை பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து பஸ் ஸ்டாப்பில் முடிய வேண்டும். கார் இருக்கிறவனுக்கு மட்டும் மலை என்றால் அது பாதை இல்லை, கிளப்.

நான்கு: பராமரிப்பும் டீக்கடையும் கூழ்க்கடையும் அந்த ஊர்ப் பஞ்சாயத்திடமும் பெண்கள் குழுக்களிடமும் இருக்கட்டும். வெளியூர் கான்ட்ராக்டர் உள்ளே வந்தால், அடுத்த வருஷமே அங்கே கண்ணாடிப் பாலமும் ஜிப் லைனும் வந்துவிடும்.

உங்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த லீவுக்குப் பன்னிரண்டு பாயிண்ட் பேக்கேஜ் போடாதீர்கள். ஒரே ஒரு இடம், இரண்டு மணி நேரம், காலால். கொண்டுபோன பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று நிச்சயம் இருக்கும். அதன் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள். முதல் வேலை அதுதான்.

*

கடைசி நாள் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிடும்போது டிரைவரே பேச்சை எடுத்தார். என் கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது போல.

"சின்ன வயசுல எங்க ஊர்லேர்ந்து ஸ்கூலுக்கு நடந்துதான் சார் வருவோம். ஓடையத் தாண்டி, சோலைக்குள்ள பூந்து, ஒரு புல்மேட்டு வழியா. ஒரு மணி நேரம். மழைக்காலத்துல அட்டை கடிக்கும். ஆனா அந்தப் புல்மேட்டுலேர்ந்து பாத்தா கீழ ஊரு பூராத் தெரியும். இந்தப் பன்னெண்டு பாயிண்டுல ஒண்ணுலகூட அப்படித் தெரியாது சார்."

"அந்தப் பாதை இப்ப இருக்கா அண்ணே?"

"பாதை எங்க சார் போகும்? அங்கனதான் இருக்கும்" என்றார். கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "போர்டுதான் இல்ல."